ஆலா விழும் தண்ணீர்

டீச்சரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் பவானிசாகர் அணையின் கரைச் சேற்றில் குப்புறப் படுத்திருந்தார். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, முழங்கைகளை ஈர மண்ணில் ஊன்றி, நீளக் குழல் வைத்த ஒரு கேமராவை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்க யாரோ மயங்கி விழுந்ததுபோல இருந்தது.

“ஏனுங்க, ஒரு பொம்பள உழுந்து கெடக்கறாங்களாட்ட இருக்குதுங்க” என்று பதறினேன்.

என் கணவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கையை நெற்றிக்குக் குடை பிடித்துப் பார்த்தார். “உழுகல புள்ள, படம் எடுக்கறாங்க” என்றார். பிறகு தனக்குத்தானே, “அடேயப்பா, என்ன லென்சு!” என்றார்.

அந்த “அடேயப்பா” எனக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணமாகி வந்த நாள்முதல் நான் செய்த எதற்கும் இவர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. நான் வைத்த கொள்ளுப் பருப்புக்கு வந்ததில்லை. கூரைப் புடவை கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றபோதும் வந்ததில்லை. சேற்றில் கிடந்த, முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் கேமராவுக்கு வந்தது.

இவர் கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் எஞ்சினியராக இருந்தார். வாரத்தில் ஆறு நாளும் பஞ்சுத் தூசியும் மெஷின் இரைச்சலும்தான். ஆலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் தன்னுடைய ஜெர்மன் கேமராவை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் அர்த்தம் மாறிவிட்டது. காலையில் மோட்டார் சைக்கிளை எடுப்பார். நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுத் தூக்கையும் பிளாஸ்க்கையும் அணைத்துக்கொள்வேன். அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவோம். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை என்றாலும், மகன் கூப்பிட்டுத்தானே மருமகள் போகிறாள் என்று சும்மா இருந்தார்.

அணை கட்டித் தண்ணீர் நிறைந்து அப்போது சில வருடங்களே ஆகியிருந்தன. முழுகிப்போன காட்டின் மரங்கள் தண்ணீருக்கு மேலே பட்டுப்போய் வெள்ளையாக நின்றன. அவற்றின் கிளைகளில் ஆலாக்கள் வந்து உட்காரும். ஆலா கடற்பறவைகளின் சொந்தக்காரப் பறவை. கடலையே கண்ணால் பார்த்திராத எங்கள் சீமையில் இவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கியதும், ஆற்றோடு ஏறி வந்து இதையும் கடல் என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ. வெளுத்த உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு, கத்தரிபோலப் பிளந்த வால். தண்ணீருக்கு மேலே அசையாமல் சிறகடித்தபடி நிற்கும். அலகு நேர் கீழே குத்திட்டிருக்கும். அடுத்த கணம் சிறகை ஒடுக்கிக்கொண்டு கல்லைப்போல விழும். தண்ணீர் சிதறும். திரும்ப எழும்போது அலகில் குறுக்காக ஒரு மீன் வெயிலில் மின்னும்.

தண்ணீரை அலகு தொடுகிற அந்தக் கணத்தைப் படமாக்க வேண்டும் என்பதுதான் இவருடைய ஆசை. ஆனால் இவருடைய கேமரா அதற்குத் தோதானதல்ல. அது இரண்டு கண் வைத்த பெட்டி. நெஞ்சுக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். பறவை வலப்பக்கம் பறந்தால் உள்ளே இடப்பக்கம் ஓடும். இவர் பெட்டியை ஒரு பக்கம் திருப்ப, ஆலா மறுபக்கம் தப்பிக்கும். வீட்டுக்கு வந்து பிலிமைக் கழுவினால் வெறும் வானமும், வட்டவட்டமாக அலையும்தான் இருக்கும். ஒன்றிரண்டு படத்தில் ஒரு வால் நுனி இருக்கும்.

“இன்னிக்கும் தண்ணியத்தான் எடுத்தீங்களா?” என்று கேட்பேன். இவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. தோற்றுவிட்டு வந்து என்னிடம் காட்டுகிற சிரிப்பு அது. எனக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன்.

அன்று டீச்சர் சேற்றிலிருந்து எழுந்ததும் இவர் நேரே போய்ப் பேச்சுக் கொடுத்தார். சத்தியமங்கலத்தில் மிஷன்காரர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியில் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபத்தை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து வருவாராம். மலாயாவில் இருக்கிற அண்ணன் கேமராவை அனுப்பிக் கொடுத்தாராம். வயது என் வயதுதான் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. முன்கை முழுக்கச் சேறு. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், “நீங்க ஷட்டர எத்தனைல வெச்சு எடுக்கறீங்க?” என்று இவரிடம் கேட்டார்.

இருவரும் ஷட்டர் என்றார்கள், அப்பர்ச்சர் என்றார்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் இப்படி, பக்கத்திலிருந்து வந்தால் அப்படி என்றார்கள். நான் கரையோர வேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டபோதெல்லாம் “உனக்கு எதுக்குப் புள்ள அதெல்லாம்?” என்று ஒதுக்கிய அதே விஷயங்களை இவர் விரல் மடக்கி விளக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்க்கைத் திறந்து நான் இவருக்கென்று ஊற்றிய முதல் டம்ளரை அப்படியே வாங்கி டீச்சரிடம் நீட்டினார்.

“நல்ல காப்பீங்க” என்றார் டீச்சர், என்னைப் பார்த்து.

“ஆமாங்க” என்றேன். பிளாஸ்க்கின் மூடியைத் திருகினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். நாங்கள் போய்ச் சேரும்போது டீச்சர் வந்திருப்பார், அல்லது கொஞ்ச நேரத்தில் வருவார். அவர் வராத வாரத்தில் இவர் கண் பஸ் நிற்கிற பக்கமே போகும். நான் அதைக் கவனிப்பதை இவர் கவனிக்கமாட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் டீச்சர் பேச்சுதான். “அந்தம்மாவுக்கு என்ன பொறுமைங்கற! ஒரே எடத்துல எத்தன நேரம் கெடக்கறாங்க பாத்தியா?” காற்றில் இவர் சொல்வது பாதி காதில் விழும், பாதி விழாது. விழுந்த பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நானும் அத்தனை நேரமும் அங்கேதான் இருந்தேன். என் பொறுமைக்கு யாரும் லென்ஸ் மாட்டவில்லை.

சித்திரை மாத வாக்கில் ஆலாக்கள் ஜோடி சேரும். ஆண் ஆலா மீனைப் பிடித்துத் தான் தின்னாமல், மணல் திட்டில் காத்திருக்கும் பெட்டைக்குக் கொண்டுவந்து கொடுக்கும். கொடுப்பதற்கு முன் தலையை நிமிர்த்திக்கொண்டு அதன் முன்னால் ஒரு நடை நடக்கும். ஒருநாள் அதைப் பார்த்து டீச்சர் சிரித்தார். இவரும் சிரித்தார். நான் மட்டும் எழுந்து தண்ணீரோரமாகப் போய் முகம் கழுவிக்கொண்டேன். யார் எதற்குச் சிரித்தார்கள் என்று அந்த இரவு முழுக்க எனக்குள் நான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் படம் வந்தது.

டீச்சர் தான் எடுத்ததில் ஒன்றைப் பெரிதாகப் போட்டு இவருக்குக் கொடுத்திருந்தார். ஆலாவின் அலகு தண்ணீரைத் தொட்டிருந்தது. அவ்வளவுதான், தொட்டிருந்தது. தண்ணீர் இன்னும் சிதறவில்லை. ஒரு சின்னக் குழி மட்டும் விழுந்திருந்தது. சிறகு பின்னால் இழுபட்டு, உடம்பே ஒரு ஈட்டியாக இருந்தது. இவர் அதைக் குளியலறைச் சுவரில் ஒட்டினார். அங்கேதான் ஜன்னலைக் கம்பளியால் மூடி, சிவப்பு பல்பைப் போட்டு இவர் பிலிம் கழுவுவார். ஆகவே நான் காலையில் பல் தேய்க்கும்போது அந்தப் படம், குளிக்கும்போது அந்தப் படம், துணிக்கு நீலம் போடும்போது அந்தப் படம்.

முதலில் அதில் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். வால் கொஞ்சம் மங்கல். ஓரத்தில் ஒரு கிளை தேவையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் இவரிடம் சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள, இந்த மாதிரி எடுக்க யாரால முடியும்?” என்றார்.

நாள் போகப்போக எனக்கு ஒன்று புரிந்தது. அந்தக் கணத்தை நானும் பார்த்திருக்கிறேன். டீச்சர் பார்ப்பதற்கு முன்னாலிருந்தே, வேலமரத்து நிழலில் வேலையில்லாமல் உட்கார்ந்து, எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எந்த ஆலா சும்மா வட்டமடிக்கிறது, எது விழப்போகிறது என்று கழுத்து வளைவைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஆனால் காட்ட என் கையில் ஒன்றும் இல்லை. டீச்சர் பார்த்தது சுவரில் இருந்தது. நான் பார்த்தது எங்கும் இல்லை. இவர் அந்தப் பெண்ணைப் புகழ்ந்தது எனக்கு அதன் பிறகு அவ்வளவாக வலிக்கவில்லை. அந்தப் படம் வலித்தது. அது என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று வயிறு எரிந்தது.

இதற்கிடையில் டீச்சர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் பிலிம் கழுவுகிற ஏற்பாட்டைப் பார்க்க ஆசைப்பட்டார். பகலில் வந்து, பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார். போனதும் மாமியார் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

“யாரூட்டுப் புள்ள அம்மணி அது?”

எனக்குத் தெரியும். அணைக்கரையில் டீச்சர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். “எங்கப்பா பண்ணையத்துல ஆளா இருந்தவருங்க. பாதிரியார்தான் என்னையும் அண்ணனையும் படிக்க வெச்சாரு.” இதை நான் மாமியாரிடம் சொன்னால் போதும். டீச்சர் மறுபடி எங்கள் வாசலை மிதிக்க முடியாது. அவர் குடித்த டம்ளரை மாமியார் கொல்லைப்பக்கம் வீசியெறிந்திருப்பார். இவருடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். என் பொறாமைக்கு இவ்வளவு சுலபமான மருந்து வாய்க்குள்ளேயே இருந்தது.

“டீச்சருங்கத்தை” என்றேன்.

“அது தெரீது. யாரூட்டு…”

“படிச்சவங்கத்தை. சத்தியில டீச்சரு.”

மாமியார் என் முகத்தைப் பார்த்தார், அதோடு விட்டுவிட்டார். பெருந்தன்மை என்று இதற்குப் பெயர் வைக்கமாட்டேன். எனக்கு டீச்சரை ஜெயிக்க வேண்டியிருந்தது. அவர் பிறப்பைக் காட்டி ஜெயித்தால் அது ஜெயித்ததாகாது. அதோடு, அணைக்குப் போவதே நின்றுவிட்டால் நான் எதைக் கொண்டு ஜெயிப்பது?

அடுத்த ஞாயிறு டீச்சரே அதற்கு வழி வைத்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

“நீங்க எடுக்கறதில்லீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் இவர் சொன்னார்: “அவளுக்கு இதுல எல்லாம் இஷ்டமில்லீங்க. சும்மா தொணைக்கு வருவா.”

“எனக்கு இஷ்டமில்லீன்னு யாருங்க சொன்னாங்க?” என்றேன்.

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பரிசல்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் கையில் இருந்த தண்ணீரை உதறவும் மறந்து நின்றார். “நீ கேக்கவே இல்லியே புள்ள” என்றார்.

“கேட்டனுங்க. உனக்கு எதுக்குன்னீங்க.”

டீச்சர் என் அருகில் வந்தார். கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். அந்தக் கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. “வலது கண்ண வெய்யுங்க. இந்த வளையத்தத் திருப்புனா தெளிவாகும். விரலை இதும்மேல சும்மா வெச்சிருங்க, அமுக்காதீங்க.” அவர் விரல் என் விரல்மேல் இருந்தது. எனக்கு ஆகாதவரிடமிருந்துதான் இதை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

படத்தில் ஒன்றும் விழவில்லை. நீளக் குழலுக்குள் பார்த்தால் உலகம் ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது. அதற்குள் பறவை வருவதற்குள் அது விழுந்து எழுந்து போய்விட்டது. அடுத்த வாரம் டீச்சர் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். வானம், தண்ணீர், மறுபடி வானம். இவருக்கு மீசைக்குள் சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி தொடங்கினேன். இவர் ஆலைக்குப் போனதும் பிலிம் போடாத பெட்டிக் கேமராவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவேன். ஒரு கையால் சோற்று உருண்டையை வீசி, காக்கை அதைக் கவ்வ வரும் நேரம் பார்த்து மறுகையால் அமுக்குவேன். குனிந்து கண்ணாடியில் பார்த்தால் எனக்கும் இடவலம் குழம்பியது. கேமராவின் மேல்மூடியில் ஒரு சின்னத் தகடு இருந்தது. அதை உள்ளே தள்ளினால் நடுவில் ஒரு சன்னல் திறக்கும். பெட்டியைக் கண்ணோடு வைத்து அதன் வழியே நேராகப் பார்க்கலாம். இவருக்கும் அது தெரியும். ஆனால் அதில் துல்லியம் போதாது, ஓட்டப்பந்தயம் எடுப்பவர்களுக்குத்தான் அது சரி என்று மூடியே வைத்திருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது. காக்கை எந்தப் பக்கம் பறந்ததோ அந்தப் பக்கமே பறந்தது.

மாமியார் சில நாள் பொறுத்துப் பார்த்தார். “ஏன் அம்மணி, அமாவாசைகூட இல்ல. தெனமும் இத்தன சோத்தக் காக்காய்க்குப் போடற? உங்க ஊட்டுப் பெரியவங்க யாராச்சும் கனவுல வந்தாங்களா?”

“சும்மாதானுங்கத்தை.”

“கண்ணுல வேற என்னத்தையோ ஒத்திக்கற.”

“காக்காய் சரியாத் தெரியமாட்டீங்குதுங்க, அதான்.”

அவர் எனக்குக் கண் பார்வை மங்குகிறதென்று முடிவுகட்டி, பொன்னாங்கண்ணிக் கீரை ஆய்ந்து வைக்க ஆரம்பித்தார். சாப்பிட்டேன்.

மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்தபிறகு ஒரு ஞாயிறு. டீச்சர் அன்று வரவில்லை. பள்ளியில் ஏதோ விழா. பரிசல்காரர் வலையை இழுத்துவந்து கரைக்குப் பக்கத்தில் பரிசலிலேயே உட்கார்ந்து உதறுவார். பொடிமீன் சிதறும். ஆலாக்கள் அவர் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். அத்தனை பக்கத்தில் வேறெங்கும் வராது. “நான் பரிசல்ல ஏறிக்கட்டுங்களா?” என்று கேட்டேன். பரிசல்காரர் இவரைப் பார்த்தார். இவர் தோளைக் குலுக்கினார்.

“ஏறுங்க அம்மணி. பரிசலு ஆடும். நீங்க ஆடாம உக்காருங்க” என்றார் பரிசல்காரர்.

இவர் தன் பங்குக்கு எடுத்து முடித்து, பிலிமில் கடைசியாக மிச்சமிருந்த சில படங்களை எனக்கு விட்டிருந்தார். பரிசலின் ஈரப் பிரம்பு வாடையும் மீன் கவிச்சியும் மூக்கில் ஏறின. தகட்டைத் தள்ளிச் சன்னலைத் திறந்தேன். பரிசல்காரர் வலையை உதறினார். மூன்று நான்கு ஆலாக்கள் கூச்சலிட்டுக்கொண்டு வந்தன. ஒன்று நின்றது. கழுத்து வளைந்தது. அது விழுவதற்கு முன்பே என் விரல் இறங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

வீட்டுக்கு வந்து பிலிமைக் கழுவிக் காயவைத்து, மறுநாள் மாலை படம் போட்டோம். குளியலறையில் இருவரும் நெருக்கியடித்து நின்றோம். தட்டில் இருந்த மருந்துத் தண்ணீரில் படக் காகிதம் மிதந்தது. முதலில் ஒரு சாம்பல் கறை. பிறகு கறுப்புத் தொப்பி. பிறகு சிறகு. அலகு தண்ணீருக்குள் பாதி இறங்கியிருந்தது. சிதறிய துளிகள் அதன் கழுத்தைச் சுற்றி முத்துமாலைபோல நின்றன. ஓரத்தில் வலையின் ஒரு முனையும் பரிசல்காரரின் கட்டைவிரலும் இருந்தன.

 நான் பக்கவாட்டில் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் இவர் முகம் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்றைக் காட்டியது. எத்தனை மாதம் கண்ணாடியில் என் முகத்திலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

“அதிர்ஷ்டம்” என்றார் கடைசியில்.

“காக்காயக் கேட்டுப் பாருங்க, அதிர்ஷ்டமான்னு” என்றேன். இவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் வேடிக்கையாக இருந்தன. திடீரென்று இவருக்குப் பிலிமில் சிக்கனம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு வருவதற்கே கெடுபிடி, பிலிம் கிடைப்பதே பெரும்பாடு, கண்டபடி அமுக்கக்கூடாது என்றார். பரிசலில் தான் ஏறிக்கொண்டார். கால் வழுக்கி முழங்கால்வரை நனைந்தார். புளியம்பட்டி டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது நான் கேட்டேவிட்டேன்.

“உங்களுக்குப் பொறாமையாட்ட இருக்குதுங்களே?”

“எனக்கா? எதுக்கு?”

“தெரீலீங்க. கேட்டேன்.”

டீயை ஊதி ஊதிக் குடித்தார். “ஆமா புள்ள” என்றார் பிறகு. “எத்தன வருசமா நான் அலையறேன்.”

அந்த “ஆமா புள்ள” எனக்கு எந்த “அடேயப்பா”வையும்விட இனிப்பாக இருந்தது. என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

கோயமுத்தூரில் படம் எடுப்பவர்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கொருமுறை ஒரு பள்ளி மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். இவர் என் படத்தைக் கொடுத்திருந்தார். டீச்சரும் கொடுத்திருந்தார். என் படத்தின் கீழே பெயரை எப்படி எழுதினார்களோ, பார்ப்பவர்கள் எல்லாரும் இவரிடம் வந்து கை குலுக்கினார்கள். “பிரமாதம் சார், எங்க எடுத்தீங்க?” என்று ஒரு பெரிய மனிதர் இவர் தோளில் தட்டினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.  அந்தக் கணத்தில் இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. கட்டின கணவனைப் பற்றிக்கூட நமக்கு எல்லாம் தெரிந்துவிடுவதில்லை.

“நான் எடுக்கலீங்க” என்றார். சொத்தைப் பல்லைப் பிடுங்கினதுபோல இருந்தது குரல். “எங்கூட்டுக்காரி எடுத்தது. அதா நிக்கறாங்க.”

பெரிய மனிதர் என்னைப் பார்த்து, “அட, அப்புடீங்களா!” என்றார். எனக்குக் கை குலுக்க வரவில்லை, கும்பிட்டேன்.

முதல் பரிசு டீச்சருக்குக் கிடைத்தது. குளியலறைச் சுவரில் இருந்த அதே படம். எனக்குப் பாராட்டு என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். என் படத்தில் பரிசல்காரர் விரல் வந்துவிட்டதுதான் காரணம் என்று யாரோ சொன்னார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க படத்துலதான் ஆளு இருக்குதுங்க, எனக்கு அதுதான் புடிச்சிருக்குது” என்றார். மனதாரத்தான் சொன்னார். நான் “சந்தோசமுங்க” என்றேன். வீடு வந்து சேரும்வரை அந்த விரலை நினைத்துத் தாளமுடியவில்லை.

ஒன்றிரண்டு வருடம் கழித்து டீச்சரைத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளிக்கு மாற்றினார்கள். வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனோம். என் இடுப்பில் அப்போது பெண் குழந்தை. “அங்க நெசமான கடலே இருக்குதுங்க அம்மணி, ஆலா கூட்டங்கூட்டமா வருமாம், அவசியம் வாங்க” என்றார் டீச்சர் ஜன்னல் வழியாக. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பிரிவதற்கு எவ்வளவு, அவர் கடலுக்குப் போகிறாரே என்பதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இவர் பாவம், எல்லாமே பிரிவுக்கென்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

குழந்தை நன்றாக நடக்க ஆரம்பித்தபிறகுதான் போக முடிந்தது. கடலை நான் பார்த்த முதல் நாள் அது. அணைத் தண்ணீர் அசையாமல் நின்று வழிவிடும். இது புடவையைப் பிடித்து இழுத்தது. டீச்சர் கறுத்து, மெலிந்து, அங்கேயே பிறந்தவர்போல ஆகியிருந்தார். அவர் அறைச் சுவர் முழுக்க ஆலாக்கள். அலை முகட்டில் பாய்வது, இரண்டு ஒரே மீனுக்குப் பாய்வது, தண்ணீருக்குள் முழுக்க முழுகி வால் மட்டும் வெளியே தெரிவது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். வயிற்றில் பழைய நெருப்பு அப்படியே இருந்தது.

“நாளைக்குக் காத்தால போலாமுங்களா?” என்றேன்.

“அதுக்குத்தான வந்திருக்கீங்க” என்று சிரித்தார்.

காலையில் இவர் பெட்டிக் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, குழந்தையோடு மணலில் உட்கார்ந்துகொண்டார். நானும் டீச்சரும் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினோம். ஒருவருக்கொருவர் கொஞ்சம் தள்ளியே நின்றோம். எந்தப் பறவையைக் குறி வைக்கிறேன் என்று அவரிடம் நான் காட்டவில்லை. அவரும் காட்டவில்லை. கட்டுமரங்கள் திரும்பி வரும் நேரம், ஆலாக்கள் இரைந்துகொண்டு தலைக்கு மேலே வந்தன. ஒன்று எங்கள் இருவருக்கும் நேர் எதிரே வந்து நின்று கழுத்தை வளைத்தது. அது விழுந்தபோது இரண்டு ஷட்டரும் ஒரே சமயத்தில் சத்தமிட்டன.

“எனக்கு உழுந்திருச்சு!” என்று கத்தினேன்.

“எனக்குத்தானுங்க!” என்று அவரும் கத்தினார்.

இடுப்பளவு அலையில் நின்றுகொண்டு, கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, யாருக்கு விழுந்தது என்று சண்டை போட்டோம். மீன்காரப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பிலிமை மத்தியானமே அவர் வீட்டில் கழுவினோம். இரண்டிலும் பறவை இருந்தது. என்னுடையதில் அது தண்ணீரைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. அவருடையதில் தொட்டிருந்தது. அவருடையதுதான் நல்ல படம். அதைச் சொல்வதற்கு முன் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.